வாய்க்காலில் பிள்ளையை மூடிப் படுத்தவள்

"அது அவளின்ரை குணம்" என்று மூன்றே சொல்லில் ஒரு மனிசியைக் கட்டிப் போட்டுவிடலாம். கயிறு தேவையில்லை. உரும்பிராயில் கஜந்தினியைப் பத்து வருசம் அப்படித்தான் கட்டி வைத்திருந்தார்கள்.

அவள் கதவுக்கு முதுகு காட்டி இருக்கமாட்டாள். சோறு தின்னும்போதும் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தபடிதான் தின்பாள். கோயிலுக்குப் போனால் எல்லாரும் சுவாமியைப் பார்த்துக் கும்பிட, இவள் வெளியே போகிற வழியைப் பார்த்துக்கொண்டு கும்பிடுவாள். கலியாணம் முடித்த முதல் மாதம், புருசன் சுபாஸ்கரன் பகிடிக்குப் பின்னால் வந்து அவள் கண்ணைப் பொத்தினான். திரும்பின வேகத்தில் அவள் கையிலிருந்த அகப்பை அவனுடைய முன்பல்லில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. ஆட்கள் கேட்டால் "கரும்பு கடிச்சனான்" என்று சொல்லித் திரிந்தான். பொறுமையான மனிசன். ஆனாலும் "ஏன் அப்படி அடிச்சனீர்?" என்று அவனும் ஒரு நாள் உட்கார்ந்து கேட்டதில்லை.

அவளைப் போல வெங்காயம் நடவோ பிடி கட்டவோ அந்தப் பக்கத்தில் ஆளில்லை. அதை ஒருவரும் குணம் என்று சொல்லவில்லை. கோபம் வந்தால் மட்டும் குணமாம். உழைப்பு வந்தால் அது கடமையாம். என்ன நியாயமோ!

இந்தக் குணப் பேச்சைத் தொடக்கியவள் சுபாஸ்கரனின் அக்கா சுவர்ணா. கோப்பாயில் கலியாணம் முடித்தவள். பிள்ளையில்லை. மனம் நொந்தவர்களுக்கு ஆலோசனை சொல்லும் உளவளத்துணை வகுப்புக்கு ஆறு மாதம் போய், கிடைத்த சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தாள். அன்றையிலிருந்து அவளுக்கு மனிசரெல்லாம் நோயாளிகளாகத் தெரிந்தார்கள்.

"தம்பி, உது சும்மா கோவமில்லை. எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு. எங்களுக்குப் படிப்பிச்சவை" என்பாள்.

"அப்பிடியெண்டா என்னக்கா?"

"பிறவிக் குணம். மாத்தேலாது."

அவளுக்கு அந்த வகுப்பில் அப்படிப் படிப்பித்திருக்கமாட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அரைவாசி கேட்டதை முழுதாய்ப் பேசுகிறவர்கள் எங்கும்தான் இருக்கிறார்கள்.

இந்த வருசம் மாசி மாதம், பிடுங்கிக் காயவிட்ட வெங்காயம் தோட்டத்தில் கிடந்தது. பருவமில்லாத மழை இருட்டிக்கொண்டு வந்தது. உதவிக்கு வந்திருந்த சுவர்ணாவும் சுபாஸ்கரனும் வெங்காயத்தைக் குவித்து நீலப் பிளாஸ்ரிக் தறப்பாளால் மூடினார்கள். எட்டு வயது மகள் மதுரா மழைக்கு ஒதுங்கித் தறப்பாளுக்குள் புகுந்து படுத்துக்கொண்டாள். இரண்டு காலும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கஜந்தினி ஓலைக் கடகத்தோடு வந்தாள். நீலத் தறப்பாளைக் கண்டாள். அதற்குக் கீழே இரண்டு சின்னக் காலைக் கண்டாள். அந்த நேரம் பார்த்து வானம் இடித்தது.

கடகம் கீழே விழுந்தது. தறப்பாளைப் பிய்த்தெறிந்து பிள்ளையை இழுத்தாள். இறைப்பு வாய்க்காலுக்குள் பிள்ளையைக் குப்புறப் போட்டு, அதற்கு மேலே தானும் விழுந்து மூடிப் படுத்தாள். பிள்ளை கத்தினாள். வாய்க்குள் சேறு போனது. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தும் அவளை அசைக்க ஏலவில்லை. "தலையை நிமித்தாதை, தலையை நிமித்தாதை" என்று அவள் சொன்னது மட்டும்தான் மேலே நின்றவர்களுக்குக் கேட்டது. இடி ஓய்ந்த பிறகு தானாகவே கையை எடுத்தாள். எழும்பி, எங்கே நிற்கிறோம் என்று தெரியாதவள் போலப் பார்த்தாள். பிள்ளையின் இடது மணிக்கட்டு முறிந்திருந்தது.

"கொல்லப் பாத்தவள்! என்ரை ரெண்டு கண்ணாலையும் கண்டனான்" என்று சுவர்ணா ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தினாள். கைக்குக் கட்டுப் போட்ட கையோடு மதுராவைக் கோப்பாய்க்குக் கொண்டுபோய்விட்டாள். சுபாஸ்கரன் தடுக்கவில்லை. தடுக்க அவனிடம் ஒரு காரணமும் இருக்கவில்லை. அவனும்தானே கண்டவன்.

அடுத்த கிழமை கஜந்தினியை ஆசுப்பத்திரி மனநலக் கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். சுபாஸ்கரன், சுவர்ணா, சாவகச்சேரியிலிருந்து வந்த கஜந்தினியின் தாய் இரத்தினம்மா, எல்லாரும் ஒன்றாக உள்ளே போனார்கள். டொக்டர் கஜானன் இளம் ஆள். வெளியே அறுபது எழுபது பேர் நம்பரோடு காத்திருந்தார்கள். அவர் கேட்டது கஜந்தினியைத்தான். ஆனால் மறுமொழி சொன்னது சுவர்ணா.

"பிள்ளையை வாய்க்காலுக்கை அமத்திப் பிடிச்சவ, டொக்டர். திடீர் திடீரெண்டு கோவம். எறியிறது, அடிக்கிறது. பேந்து நாலு நாள் ஒருத்தரோடையும் கதையில்லை, சுவர் மாதிரி இருப்பா."

"எப்ப தொடக்கம் இப்பிடி? பெரிய சம்பவம் ஏதும் நடந்ததோ? சண்டைக் காலத்திலை, விபத்து, ஆரும் செத்தது?"

இரத்தினம்மாவின் கை மகளின் தொடையில் வந்து அமர்ந்து இறுக்கியது.

"ஒண்டும் நடக்கேல்லை, டொக்டர் தம்பி" என்றாள் இரத்தினம்மா. "சண்டைக்குள்ளை நாங்கள் இல்லை. பாதை பூட்ட முதலே வன்னியை விட்டுச் சாவகச்சேரிக்கு வந்திட்டம். ஒரே பிள்ளை. செல்லம் குடுத்து வளத்தது. சின்னனிலையிருந்து உப்பிடித்தான்."

"சின்னனிலையிருந்து" என்று டொக்டர் எழுதினார். சம்பவம் இல்லை என்று எழுதினார். கடைசியில் சுவர்ணா சொன்ன அதே பேரைக் கிளினிக் கொப்பியில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். கேள்விக்குறியை ஒருவரும் கவனிக்கவில்லை. பேரைத்தான் கவனித்தார்கள். சுவர்ணாவின் முகத்தில் தேர் இழுத்து முடித்த களிப்பு.

கஜந்தினி தாயின் கையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். ஒரு சொல்லும் வாயிலிருந்து வரவில்லை.

ஏன் வரவில்லை? அதைச் சொன்னால்தான் இந்தக் கதை விளங்கும்.

இரத்தினம்மாவின் புருசன் பரமலிங்கம் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கிளிநொச்சிக்குப் போய், அங்கேயே நெஞ்சு நோவில் செத்துப்போனார். அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் கஜந்தினி. அவளைவிட ஏழு வயது இளையவன் லக்சன். பாதை பூட்ட முதல் வந்ததெல்லாம் பொய். சண்டையின் கடைசி மட்டும் அந்தக் குடும்பம் வன்னிக்குள்ளேதான் நின்றது.

மாத்தளன் மணலில் பதுங்க வெட்டின ஒரு பங்கர். அதற்குப் பக்கத்தில் நீலத் தறப்பாள் கொட்டில். மழை பெய்து பங்கருக்குள் தண்ணீர் நின்றது. "நுளம்பு கடிக்குது, நான் வரமாட்டன்" என்று லக்சன் தறப்பாளுக்குக் கீழே படுத்துக்கொண்டான். பதினாறு வயதுக் கஜந்தினி கூப்பிட்டுப் பார்த்தாள், ஏசிப் பார்த்தாள், "அப்ப கிட" என்று சொல்லிவிட்டு உள்ளே இறங்கினாள். எறிகணைச் செல் விழுந்து ஓய்ந்த பிறகு அவள் மேலே வந்து கண்டது விழுந்து கிடந்த தறப்பாளையும் அதற்கு வெளியே தெரிந்த இரண்டு காலையும்தான். அவனுக்கு ஒன்பது வயது. மண் போட்டு மூடக்கூட நேரம் கிடைக்கவில்லை. அதே தறப்பாளைச் சுற்றி விட்டுவிட்டு ஓடினார்கள். ஓடும்போது அவள் முதுகிலும் ஒரு செல் துண்டு கிழித்தது.

சண்டை முடிந்து, முகாமிலிருந்து வந்து சாவகச்சேரியில் குடியிருந்த காலத்தில், கலியாணம் பேச வந்த தரகர் செல்வரட்ணம் தாய்க்குப் புத்தி சொன்னார். "கடைசி மட்டும் உள்ளை நிண்ட பொம்பிளைப் பிள்ளையெண்டா ஆயிரம் கேள்வி கேப்பினம், தங்கச்சி. இயக்கத்திலை இருந்தவளோ, முகாமிலை என்ன நடந்தது எண்டு நாக்கு நீளும். முதலே வந்திட்டம் எண்டு சொல்லுங்கோ. தம்பி இருந்தவன் எண்டு சொன்னா எங்கை, எப்பிடிச் செத்தவன் எண்டும் சொல்ல வேண்டி வரும். ஒரே பிள்ளை எண்டு விடுங்கோ."

இரத்தினம்மா அப்படியே விட்டாள். முதுகுத் தழும்புக்கு முள்ளுக்கம்பி கிழித்தது என்று ஒரு கதை கட்டினாள். மகள் மறந்துபோய்ச் சொல்லிவிடுவாளோ என்று பயந்து, பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டுபோய், எரிகிற கற்பூரத்தில் கையை அடித்துச் சத்தியம் செய்ய வைத்தாள். வன்னியைப் பற்றியும் தம்பியைப் பற்றியும் புருசன் வீட்டில் வாய் திறப்பதில்லை என்று.

தெய்வத்தை எதற்கெல்லாம் சாட்சிக்கு இழுக்கிறார்கள் பாருங்கள்! செத்த பிள்ளையை இல்லாத பிள்ளை ஆக்குவதற்கும் பிள்ளையார்தான் கிடைத்தாரா?

அதுக்குப் பிறகுதான் இந்தக் குணம் எல்லாம். தறப்பாள் மணம் மூக்கில் பட்டால் குமட்டிச் சத்தி வரும். ஆரும் பின்னால் வந்தால் கை முந்திவிடும். கனவில் ஒரே கொட்டில், ஒரே மழை. விடிந்தால் ஒன்றும் நடவாதவள் மாதிரி எழும்பித் தேத்தண்ணி வைக்கவேண்டும். மனதுக்குள் ஒரே ஒரு நினைப்புத்தான் கிடந்து குத்தும்: நான் அவனுக்கு மேலே படுத்திருக்க வேணும்.

வாய்க்காலில் அவள் செய்தது அதைத்தான். பதினாறு வருசம் பிந்திப் படுத்தாள்.

பங்குனியில் ஒரு நாள் கஜந்தினி கோப்பாய்க்குப் போனாள். சுவர்ணா கேற்றைத் திறக்கவில்லை. கம்பிக்கு இடையால் நின்று கதைத்தாள்.

"பிள்ளை பயப்பிடுது. நீ போ."

"மச்சாள், ஒருக்காப் பாத்திட்டுப் போறன்."

"பாத்தது காணும். இஞ்சை பக்கத்துப் பள்ளிக்கூடத்திலை இடம் கேட்டிருக்கிறன். சித்திரை லீவுக்குப் பிறகு இஞ்சைதான் படிப்பாள். தம்பி வெள்ளிக்கிழமை விடுகைப் பத்திரம் எடுத்துத் தாறன் எண்டவன்."

"மாறினாப் பிறகு கூட்டிக்கொண்டு போகலாம் எண்டுதானே சொன்னனீங்கள்?"

"மாறினால் எண்டு சொன்னனான். உது மாறிற சாமானோ? கொப்பியிலை எழுதியிருக்கு."

சுவர்ணாவின் சேலைக்குப் பின்னால் ஒரு கண் தெரிந்தது. மதுரா. தாயைக் கண்டதும் அந்தக் கண்ணும் மறைந்தது. கட்டுப் போட்ட கை மட்டும் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

கஜந்தினி பஸ்ஸுக்கு நிற்கவில்லை. கோப்பாயிலிருந்து உரும்பிராய் மட்டும் உச்சி வெயிலில் நடந்தாள். வீட்டுக்குப் போகாமல் பிள்ளையார் கோயிலுக்குப் போனாள். நடை சாத்தியிருந்தது. ஐயரும் இல்லை. பூட்டின கதவுக்கு முன்னால் நின்று, வாழ்க்கையில் முதல் தரமாகக் கடவுளோடு சண்டை பிடித்தாள்.

"அந்தக் கற்பூரத்திலை நான் அடிக்கேல்லை. என்ரை கையைப் பிடிச்சு அம்மா அடிச்சது. நீ பாத்துக்கொண்டுதானே இருந்தனீ? பதினாறு வருசமா என்ரை தம்பிக்கு எள்ளுந் தண்ணியும் இல்லை. ஒரு விளக்கில்லை. பேர் சொல்ல ஆளில்லை. இப்ப என்ரை பிள்ளையையும் எடுக்கப் போகினம். உந்தச் சத்தியத்தை நீயே வைச்சுக்கொள். எனக்கு வேண்டாம்!"

கோயில் வாசலில் இப்படிக் கத்தலாமோ என்று கேட்பவர்கள் கேட்கட்டும். வயிறு எரிந்து சொல்வதைக் கேட்காத தெய்வத்துக்கு ஏன் இவ்வளவு பெரிய காது?

வியாழக்கிழமை கிளினிக் நாள். சுபாஸ்கரன் வந்தான். இரத்தினம்மாவும் வந்தாள். டொக்டர் கஜானன் கொப்பியை விரித்து, "நித்திரை எப்பிடி?" என்று தொடங்கினார்.

"நித்திரையை விடுங்கோ" என்றாள் கஜந்தினி. "நீங்கள் எழுதினது பொய்."

தாயின் கை தொடைக்கு வந்தது. அவள் அதைத் தூக்கித் தாயின் மடியிலேயே போட்டாள்.

"வாயை மூடு, பிள்ளை" என்று இரத்தினம்மா மெதுவாய்ச் சொன்னாள்.

"பத்து வருசம் மூடினது காணும், அம்மா."

சொன்னாள். மாத்தளன், பங்கர், மழை, தறப்பாள், இரண்டு கால். அழவில்லை. கோபத்தில்தான் சொன்னாள். சுபாஸ்கரன் வாயைத் திறந்தபடி இருந்தான். பாதிப் பல் தெரிந்தது.

"பிள்ளையைக் கொல்லவோ நான் மேலை படுத்தனான்? செல் எனக்கு மேலை விழட்டும் எண்டு படுத்தனான்! நீங்கள் படிச்ச ஆள். ஒரு தாய் ஏன் பிள்ளைக்கு மேலை படுக்கிறாள் எண்டு என்னட்டை ஒரு கேள்வி கேட்டனீங்களோ? என்ரை மச்சாளிட்டைக் கேட்டியள். என்ரை அம்மாவிட்டைக் கேட்டியள். எழுதினது ஆரின்ரை கொப்பியிலை? என்ரை கொப்பியிலை!"

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "எல்லாரையும் வெளியிலை விட்டிட்டு உங்களைத் தனியக் கேட்டிருக்க வேணும். அது என்ரை பிழை."

"ஓம். உங்கடை பிழைதான்" என்றாள். மரியாதைக்குக்கூட இல்லை என்று சொல்லவில்லை.

அவருக்குக் கோபம் வரவில்லை. கதிரையை இழுத்துக் கிட்ட இருந்தார். வெளியே அடுத்த நம்பர்காரர் கதவைத் தட்டினார். "கொஞ்சம் பொறுங்கோ" என்று சத்தம் போட்டுவிட்டு, சுபாஸ்கரனைக் கேட்கத் தொடங்கினார்.

"இவ உங்களை ஒரு நாள் கடவுள் எண்டும் அடுத்த நாள் பேய் எண்டும் சொல்லுறவவோ?"

"கடவுள் எண்டு ஒரு நாளும் சொன்னதில்லை, ஐயா."

"விட்டிட்டுப் போயிடாதேங்கோ எண்டு கெஞ்சிறது, போனா செத்துப்போவன் எண்டு வெருட்டிறது?"

"அவ கெஞ்சிறதோ! நான் ரெண்டு நாள் தோட்டத்துக் கொட்டிலிலை கிடந்தாலும், சாப்பாட்டைக் குடுத்து விடுவாவே தவிர ஏனெண்டு கேக்கமாட்டா."

"சினேகிதம்? இண்டைக்கு உயிர், நாளைக்கு எதிரி எண்டு?"

"பக்கத்துத் தோட்டத்து இராசாத்தி ஒராள்தான். பத்து வருசமா அதே ஆள். அதே கதை. வெங்காயம்."

"இந்தக் கோவம் எப்பவும் வாறதோ, இல்லாட்டி ஏதும் ஒண்டு நடக்கேக்கையோ?"

சுபாஸ்கரன் யோசித்தான். முதன்முதலாக யோசித்தான் என்றுதான் சொல்லவேண்டும். "பின்னாலை போனா. மழை இருட்டினா. வெடிச் சத்தம். அண்டைக்கு... தறப்பாள்." அவன் மனிசியைத் திரும்பிப் பார்த்தான். "பத்து வருசமாத் தறப்பாள் மடிக்கச் சொன்னா மாட்டன் எண்டுறவ. நான் பஞ்சி, சோம்பல் எண்டு நினைச்சனான்."

டொக்டர் ஆறுதலாகச் சொன்னார். "வெளியிலை பாத்தா ரெண்டு நோய் வருத்தமும் ஒரே மாதிரி இருக்கும். கோவம் வரும், ஆக்களை விட்டு ஒதுங்கிறது, தான் எங்கை நிக்கிறன் எண்டு தெரியாமல் போறதும் வரும். ஆனா நான் எழுதின அந்த வருத்தத்திலை நடுவிலை கிடக்கிற பயம், என்னை விட்டிட்டுப் போயிடுவினம் எண்டிறது. தான் ஆர் எண்டே பிடிபடாது, உள்ளுக்குள்ளை வெறுமை. ஒருத்தரை உயிராய்ப் பிடிப்பினம், அவரையே வெறுப்பினம். இளமையிலை தொடங்கி எல்லாப் பழக்கத்திலையும் அது தெரியும். உங்கடை ஆளுக்கு அப்பிடியில்லை. ஒரு நாள் நடந்த ஒண்டு, முடிஞ்சு போகாமல் உடம்புக்குள்ளை நடந்துகொண்டே இருக்கு. அதைத் தொடுற மணம், சத்தம், நிறம் வந்தா அந்த நாள் திரும்ப வருது. நினைவா இல்லை, நேரிலை. மனவடு எண்டு சொல்லுவம்."

"வெங்காயத் தாள் நுனி கருகிற மாதிரியோ, ஐயா?" என்றான் சுபாஸ்கரன். "தண்ணி காணாட்டிலும் கருகும், நோய் பிடிச்சாலும் கருகும். ரோட்டாலை போறவனுக்கு ரெண்டும் ஒண்டு. இறங்கி வந்து கையிலை எடுத்துப் பாக்க வேணும்."

"ஓம். நான் ரோட்டாலை போனவன் மாதிரிப் பாத்திட்டன்." பிறகு கஜந்தினியைப் பார்த்துச் சொன்னார்: "இன்னொண்டும் கேளுங்கோ, அம்மா. மற்ற வருத்தம் வந்தவையும் கெட்டவையில்லை. அவையும் வேணுமெண்டு செய்யிறேல்லை, அவைக்கும் முந்தி ஏதும் நடந்திருக்கலாம். அதையும் மாத்தலாம், காலம் எடுக்கும். சிலருக்கு ரெண்டும் சேந்தும் இருக்கும். அதாலை நான் இண்டைக்கே முடிவா எழுதமாட்டன். கிழமைக்கு ஒருக்கா வாங்கோ. தனிய. கேக்காமல் எழுதின பிழையை ரெண்டாந்தரம் செய்யேலாது."

"அப்ப மச்சாள் அந்தப் பேரை வசவு மாதிரிச் சொல்லுறா."

"வசவில்லை அது. வருத்தத்தின்ரை பேர்."

"பிறவிக் குணமும் இல்லை?"

"இல்லை."

பழைய பேரை ஒரு கோடு போட்டு வெட்டி, கீழே நாலு வரி எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தார். பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கச் சொல்லித் தான் சொல்லவில்லை என்றும், கொஞ்ச நாளைக்குத் தகப்பன் பக்கத்தில் நிற்கவேணும் என்றும் எழுதியிருந்தார்.

வெளியே வந்ததும் சுபாஸ்கரன் மாமியாருக்கு முன்னால் போய் நின்றான். சத்தம் போட்டுக் கதைத்தறியாத மனிசன். அன்றைக்கு வரிசையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாமி, பத்து வருசமா எனக்கொரு மச்சான் இருந்தவன் எண்டதை மறைச்சுப் போட்டியள்."

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய்யலாமெண்டு சொல்லுவினம், தம்பி. அவளைக் கரை சேர்க்கத்தான்..."

"ஆயிரம் பொய் சொல்லியிருக்கலாம், அம்மா" என்றாள் கஜந்தினி. "நீங்கள் பெத்து, ஒன்பது வருசம் சோறு தீத்தின பிள்ளையை இல்லையெண்டு சொல்லியிருக்கக் கூடாது. இண்டைக்கு உள்ளை இருந்துகொண்டும் வாயை மூடு எண்டுறியள். என்ரை பிள்ளை போனாலும் பறவாயில்லை, பொய் நிக்கவேணும், என்ன?"

இரத்தினம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாங்குப் பலகையில் இருந்தாள். "அவன்ரை பேரைச் சொன்னா எனக்கு மூச்சு வராது, பிள்ளை" என்றாள். அதுவும் உண்மைதான். அந்த மனிசிக்கும் ஒரு கொப்பி போடத்தான் வேணும். ஆனால் கஜந்தினிக்கு அன்றைக்குத் தாய்மேல் இரக்கம் வரவில்லை. வராததை வந்தது என்று எழுதினால் அதுவும் ஒரு பொய்.

"மாமி, நீங்கள் பஸ்ஸிலை போங்கோ" என்று சொல்லிவிட்டுச் சுபாஸ்கரன் கஜந்தினியை ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான். கோப்பாயில் அக்கா வீட்டு ஒழுங்கை முடக்கில் நிறுத்திவிட்டுத் திரும்பாமலே கேட்டான்.

"என்னட்டையாவது ஏன் சொல்லேல்லை? நான் விட்டிட்டுப் போயிடுவன் எண்டோ?"

"சத்தியம் பண்ண வைச்சவை. பேந்து, நீங்களும் கேக்கேல்லை. பல்லுப் போன அண்டைக்கும் கேக்கேல்லை."

"கோவமாத்தான் இருக்கு எனக்கு" என்றான்.

"இருங்கோ. எனக்கும்தான்."

சுவர்ணா இந்த முறையும் கம்பிக்குப் பின்னால்தான் நின்றாள். சுபாஸ்கரன் கொப்பியை நீட்டினான். அவள் வாசித்தாள். வெட்டின கோட்டை விரலால் தடவினாள்.

"டொக்டருக்கு இவ ஏதோ கதை சொல்லியிருக்கிறா. உப்பிடியான ஆக்கள் நல்லாக் கதை கட்டுவினம், எங்களுக்குப் படிப்பிச்ச..."

"அக்கா, கேற்றைத் திறவுங்கோ."

"பிள்ளை வரமாட்டன் எண்டுது. கேட்டுப் பார்."

அது பொய்யில்லை. கஜந்தினி இடறினது அங்கேதான். டொக்டர் அந்தப் பேரை வெட்டிவிட்டார், புருசன் நம்பிவிட்டான். ஆனால் பிள்ளை வாசல்படியில் நின்று தகப்பனைப் பார்த்தாள், தாயைப் பார்க்கவில்லை. கொப்பியில் எழுதினதை எட்டு வயதுப் பிள்ளைக்குக் காட்டி என்ன பிரயோசனம்?

கேற் திறந்தது. கஜந்தினி கிட்டப் போகவில்லை. முற்றத்து மண்ணில், பிள்ளைக்கு ஐந்தாறு முழம் தள்ளிச் சப்பாணி கட்டி இருந்தாள்.

"மதுரா, உனக்கொரு மாமா இருந்தவன். லக்சன் எண்டு பேர்."

பிள்ளை நிமிர்ந்தாள். "எங்கை?"

"செத்துப்போனான். சண்டைக்குள்ளை. உன்னை மாதிரித்தான் தறப்பாளுக்குக் கீழை படுத்திருந்தவன், கால் ரெண்டும் வெளியிலை. வா எண்டு கூப்பிட்டனான், வரேல்லை. நான் விட்டிட்டுப் போனன். செல் விழுந்தது. அண்டைக்குத் தோட்டத்திலை உன்ரை காலைக் கண்டோடனை, அது திரும்ப நடக்குதெண்டு நினைச்சிட்டன். இந்த முறை விடக் கூடாது எண்டுதான் மேலை படுத்தனான். உனக்கு நோகச் செய்யவேணும் எண்டு இல்லை. ஆனா நோகச் செய்திட்டன். கை முறிஞ்சது என்னாலைதான்."

மதுரா படியில் மெல்ல இருந்தாள். "மாமாவுக்கு எத்தினை வயசு?"

"ஒன்பது."

"என்னிலை ஒரு வயசுதான் மூப்பு." கட்டுப் போட்ட கையைத் தடவினாள். "நீங்கள் சரியான பாரம், அம்மா. எனக்கு மூச்சு முட்டினது."

"ஓம். பாரம்தான்."

"திரும்பவும் அப்பிடி வருமோ?"

கேட்டுக்கொண்டு நின்ற சுவர்ணா, "ம், சொல்லு பாப்பம்" என்றாள். கஜந்தினி அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவள் ஒரு எட்டுப் பின்னால் வைத்தாள்.

"வந்தாலும் வரும்" என்றாள் பிள்ளையிடம். பொய் சொல்லி வாங்கின கலியாணத்தின் கதி போதும் அவளுக்கு. "டொக்டரிட்டைப் போய்க் குறைக்கப் பாக்கிறன். வந்துதெண்டா நீ, நான் மதுரா, நான் மதுரா எண்டு கத்து. அப்பாவும் ஓடிவருவார்."

"அவன் பேரைச் சொன்னனீங்கள் அண்டைக்கு. தலையை நிமித்தாதை லக்சன் எண்டு. ஆரெண்டு தெரியேல்லை."

இவ்வளவு நாளும் அந்தப் பேரைக் காதால் கேட்டவள் அந்தச் சின்னப் பிள்ளை ஒருத்திதான். அவளையும் ஒருவரும் கேட்கவில்லை.

சுவர்ணா விடவில்லை. "தம்பி, பள்ளிக்கூடத்துக்கு எல்லாம் சொல்லியாச்சு. நாளைக்கு விடுகைப் பத்திரம்..."

"அக்கா, அவளின்ரை சப்பாத்தை எடுத்துத் தாங்கோ" என்றான் சுபாஸ்கரன். "நாளைக்கு உரும்பிராயிலைதான் பள்ளிக்கூடம்."

சுவர்ணா உள்ளே போய்ச் சப்பாத்தையும் புத்தகப் பையையும் கொண்டுவந்து படியில் வைத்தாள். வைத்தாளோ போட்டாளோ, சத்தம் கேட்டது. அவளுக்கும் வீடு வெறுமையாகப் போகிறதுதான். அதற்கு அவள் கஜந்தினியைத் திட்டியிருக்கவேண்டியதில்லை, பிள்ளையைக் கொஞ்ச நாள் விடச் சொல்லி வாய்விட்டுக் கேட்டிருக்கலாம்.

மோட்டார் சைக்கிளில் தகப்பனுக்கும் தாய்க்கும் நடுவில் மதுரா ஏறினாள். கஜந்தினி பிள்ளையைத் தொடாமல் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கோப்பாய்ச் சந்தி தாண்டி ஒரு பள்ளத்தில் சைக்கிள் துள்ளியது.

"அம்மா, விழப் போறன். பிடியுங்கோ. மெல்லமாப் பிடியுங்கோ."

ஒரு கையைச் சுற்றிப் போட்டாள். முட்டையைப் பிடிக்கிற மாதிரி.

"உவ்வளவு இறுக்கம் காணுமோ?"

பிள்ளை தன் நல்ல கையால் தாயின் கையை அளந்து பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் இறுக்கலாம்" என்றாள்.